வள்ளம் எங்களுடையது, இஞ்சின் யாருடையது? – இணைய உலாவிகளின் கதை

போன மாதம் எங்கள் பாடசாலைக் கணினி அறையில் நடந்தது இது.

உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகள் ஆறு பேருக்கு ஒரு கற்கைநெறிக்கு இணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கணினி ஆசிரியை விடுமுறையில் நின்றதால் வரலாறு படிப்பிக்கிற என்னை அறையைத் திறந்துவிடச் சொன்னார்கள். எங்கள் கணினிகள் பழையவை, விண்டோஸ் 7. பயர்பொக்ஸில் படிவத்தைத் திறந்தோம். பெயர், அடையாள அட்டை இலக்கம், பெறுபேறு எல்லாம் நிரப்பினார்கள். கடைசிப் பொத்தானை அமத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: குரோம் உலாவியின் புதிய பதிப்பில் திறக்கவும்.

குரோமின் புதிய பதிப்பு விண்டோஸ் 7-இல் ஏறாது. 2023 தொடக்கத்திலேயே கூகிள் அதை நிறுத்திவிட்டது. கடைசியில் ஆறு பேரும் கொமினிகேசன் கடைக்கு நடந்துபோய், ஆளுக்கு ஆள் காசு கொடுத்து விண்ணப்பித்தார்கள்.

நானும் கூடப் போனேன். வழியில், தகப்பன் கடற்றொழில் செய்யும் ஒரு பொடியன் கேட்டான்: "சேர், நெட் எல்லாருக்கும் பொது எண்டுதானே சொல்லித் தாறீங்கள். பிறகேன் உந்தக் குரோம் இல்லாட்டி உள்ளுக்கு விடேல்லை? வேற ஆரும் புதுசா ஒரு பிரவுசர் செய்யேலாதோ?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேடி வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வாசிக்க வாசிக்க, இது கணினிப் பாடமல்ல, என்னுடைய பாடம்தான் என்று விளங்கியது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். குருநகர் இறங்குதுறையில் நின்று பார்த்தால் படகுகள் பல நிறத்தில் தெரியும். ஒன்றில் யாகப்பர் பெயர் இருக்கும், ஒன்றில் பிள்ளையின் பெயர் இருக்கும். ஆனால் பின்னால் பூட்டியிருக்கும் இஞ்சினைப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் ஜப்பான் இஞ்சின்கள்தான். படகுக்குப் பெயரும் நிறமும் சொந்தக்காரர் கொடுத்தது. ஓட வைப்பது வேறொருவர் செய்தது.

உலாவியும் அப்படித்தான். நாம் பார்க்கும் பெயர், சின்னம், பொத்தான்கள் எல்லாம் படகு. உள்ளே ஓர் இஞ்சின் இருக்கிறது. இணையத்தளம் ஒன்று அனுப்பும் வெறும் எழுத்து வரிகளை வாங்கி, எது தலைப்பு, எது படம், எது பொத்தான், எது எந்த இடத்தில், எந்த எழுத்து எந்த வடிவத்தில் என்று தீர்மானித்துத் திரையில் வரைவது அந்த இஞ்சின்தான். உலகத்தில் நூற்றுக்கணக்கான உலாவிகள் இருக்கின்றன. ஆனால் பெரிய அளவில் பாவனையிலுள்ள இஞ்சின்கள் மூன்றே மூன்று: கூகிளின் பிளிங்க், அப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. எட்ஜ், ஒபேரா, பிரேவ் என்று நாம் இறக்கிப் பாவிக்கும் பலவற்றிலும் இருப்பது கூகிளின் இஞ்சின்.

இந்த நிலை எப்படி வந்தது?

1989 மார்ச்சில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ரிம் பேர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். 1990 ஒக்டோபரில் அதற்கான நிரலை எழுதத் தொடங்கினார். அந்த ஆண்டு நத்தாருக்குள் உலகின் முதல் உலாவி வேலை செய்தது.

1990 ஒக்டோபர் என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வராமல் இராது. அந்த மாதம் 30ஆம் திகதிதான் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இந்த ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். நான் கைக்குழந்தை. புத்தளத்தில் வளர்ந்தேன். இங்கே நின்றவர்களுக்கும் அந்தக் காலம் இலேசானதல்ல. பெற்றோல் தடை, பற்றரி தடை. கொஞ்சம் பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளைத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினதையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதையும் என்னோடு படிப்பிக்கும் மூத்த ஆசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். எங்கேயோ ஒருவர் மூடினால் இங்கே எல்லாம் நின்றுவிடும் ஒரு பொருளில் தங்கியிருப்பது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் இந்தக் கதையை இங்கிருந்து சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

பேர்னர்ஸ் லீயின் முதல் உலாவியில் வாசிக்கவும் முடியும், பக்கங்களைத் திருத்தி எழுதவும் முடியும். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற அரிய வகைக் கணினியில் மட்டுமே ஓடியது. ஆகவே மற்றக் கணினிகளுக்கு உலாவி செய்யும்படி அவர் எல்லோரையும் கேட்டார். யார் செய்தார்கள்? பெரும்பாலும் மாணவர்கள். பின்லாந்தில் நான்கு மாணவர்கள் 1992-இல் எர்வைஸ் என்ற உலாவியைச் செய்தார்கள். படிப்பு முடிந்தது, பணமும் இல்லை, அதோடு கைவிட்டார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் பேர்க்லியில் பெய் யுவான் வெய் என்ற மாணவர் வயோலா என்ற உலாவியை வெளியிட்டார். 1993-இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பீனா என்ற இருவர் செய்த மொசேக்தான் சாதாரண மக்களிடம் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி சேர்ன், வலையின் மென்பொருளை யாரும் இலவசமாகப் பாவிக்கலாம் என்று பொதுச் சொத்தாக்கியது. அந்தக் கையொப்பம் இல்லாவிட்டால் இன்று நான் இதை எழுதவும் நீங்கள் வாசிக்கவும் வழியிருந்திராது.

ஆக, பொடியனின் கேள்விக்கு முதல் விடை: செய்ய முடிந்தது. அன்றைக்கு இரண்டு பேர் சில மாதங்களில் செய்தார்கள்.

பிறகு காசு வந்தது. ஆண்ட்ரீசன் முதலானோர் நெட்ஸ்கேப் கம்பனியைத் தொடங்கி 1994 டிசம்பரில் தங்கள் உலாவியை வெளியிட்டார்கள். 1995 ஓகஸ்டில் மைக்ரோசொப்ட் இன்ரர்நெட் எக்ஸ்புளோரருடன் வந்தது. அதுவும் சுயமாகச் செய்ததல்ல, மொசேக்கின் உரிமத்தை வாங்கி அதன்மேல் கட்டியது. விண்டோஸோடு இலவசமாகக் கொடுத்ததால் சில ஆண்டுகளில் நெட்ஸ்கேப் விழுந்தது. 2003 அளவில் உலகில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் எக்ஸ்புளோரரைத்தான் பாவித்தார்கள்.

வென்றவர் என்ன செய்தார்? தூங்கினார். எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001-இல், 7 வந்தது 2006-இல். இடையில் ஐந்து ஆண்டுகள். அந்தக் காலத்தில் தளம் செய்தவர்கள் வலையின் பொது விதிகளைப் பார்க்கவில்லை, எக்ஸ்புளோரரில் சரியாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அதிலுள்ள பிழையும் விதியாகிவிட்டது.

தமிழர்களாகிய நாமும் அந்தக் காலத்தை அனுபவித்தோம். என் வயதுக்காரருக்கு நல்ல ஞாபகம் இருக்கும். பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பல தமிழ் நாளிதழ்களின் தளங்கள் தானாக இறங்கும் எழுத்துருக்களைப் பாவித்தன. அந்த உத்தி எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்தது. வேறு உலாவியில் திறந்தவருக்குக் கிறுக்கல்தான். சொந்த மொழியில் செய்தி வாசிக்க ஒரு கம்பனியின் மென்பொருள் வேண்டும் என்ற நிலை அன்றைக்கே இருந்தது.

யுனிகோட் 1991-இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் அட்டவணையில் இடம் இருப்பதும் திரையில் எழுத்து வருவதும் ஒன்றல்ல. 'கொ' என்ற எழுத்தை எடுங்கள். கணினிக்குள் முதலில் 'க' நிற்கும், பிறகுதான் உயிர்க்குறி. திரையில் வரையும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை 'க'வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டும். இதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பும் காலும் தனித்தனியே, புள்ளி வட்டங்களோடு சிதறிக் கிடக்கும். விண்டோஸ் 2000-இல்தான் இதற்கான வசதி முதலில் வந்தது. எக்ஸ்பியில்கூட, சிக்கலான எழுத்துகளுக்கான பகுதியைக் குறுந்தட்டைப் போட்டுத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

இன்று குரோம், பயர்பொக்ஸ், ஆண்ட்ரொய்ட் போன் எல்லாவற்றிலும் இந்த வேலையைச் செய்வது ஹர்ப்பஸ் என்ற ஒரு திறந்த மூல நூலகம். அதை வளர்த்தெடுத்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்பஹ்போத். பெயரைக் கவனியுங்கள். குர்ஆன் மதரசாவில் ஓதிய பிள்ளைகளுக்கு 'ஹர்பு' என்றால் எழுத்து என்று தெரியும். பாரசீகத்தில் 'பாஸ்' என்றால் திறந்த. திறந்த எழுத்து. கொம்பையும் காலையும் தமிழுக்குச் சரியாகப் பூட்டுவதும், அரபு எழுத்துகளைக் கைகோர்க்க வைப்பதும் அதே நூலகம்தான். எந்தக் கம்பனியும் பூட்டி வைக்க முடியாத பொது உழைப்பு. அதனால்தான் புதிதாக உலாவி செய்பவரும் அதைக் கேட்காமலே எடுத்துப் பாவிக்கலாம்.

எக்ஸ்புளோரரின் ஆட்சி எப்படி முடிந்தது? இரண்டு இடங்களிலிருந்து மாற்றம் வந்தது.

ஒன்று, தோற்றுப்போன நெட்ஸ்கேப். 1998 மார்ச் 31-இல் தன் உலாவியின் மூல நிரலை உலகத்துக்கு முன்னால் திறந்து வைத்தது. அதுதான் மொசில்லாத் திட்டம். பழைய நிரல் திருத்த முடியாத நிலையில் இருந்ததால் இஞ்சினைப் புதிதாக எழுதினார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல் சென்று, 2004 நவம்பர் 9-இல் பயர்பொக்ஸ் 1.0 வந்தது.

மற்றது யாரும் எதிர்பாராத இடம். லினக்ஸ் கணினிகளுக்கு மேசைத்திரை செய்துகொண்டிருந்த கேடீஈ என்ற தொண்டர் குழு, தங்களுக்கென்று சிறியதொரு இஞ்சினை எழுதியது. பெயர் கே.எச்.ரி.எம்.எல். 1999-இல் ஜெர்மனியரான லார்ஸ் க்னோல் அதைத் திரும்ப எழுதினார். 2003 ஜனவரியில் அப்பிள் தன் சபாரி உலாவியை அறிவித்தபோது எல்லோரும் திகைத்தார்கள். உள்ளே இருந்தது மொசில்லாவின் இஞ்சின் அல்ல, இந்தச் சிறு இஞ்சின். காரணம், அது ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் வரிக்குள் அடங்கியது, வாசித்தால் விளங்கியது. அதிலிருந்து வந்ததுதான் வெப்கிட். 2008 செப்டெம்பரில் வந்த குரோமும் அதே வெப்கிட்டில்தான் தொடங்கியது. 2013 ஏப்ரலில் கூகிள் அதைப் பிரித்தெடுத்து பிளிங்க் என்று பெயர் வைத்தது.

இதை நான் பிள்ளைகளுக்கு இரண்டு தரம் சொன்னேன். இன்றைக்கு உலகை ஆளும் இஞ்சின்கள் மூன்றில் இரண்டு, ஓய்வு நேரத்தில் சம்பளம் இல்லாமல் ஒரு சிலர் எழுதியதன் வழிவந்தவை. 'எடுத்து மாற்றினால் உன் மாற்றத்தையும் வெளியே கொடு' என்ற உரிமத்தோடு அவர்கள் அதைக் கொடுத்ததால், அப்பிளும் கூகிளும் அந்த இஞ்சினைப் பூட்டி வைக்க முடியவில்லை.

ஆனால் பிறகு கதை திரும்பவும் சுருங்கியது. 2013-இல் நோர்வேயின் ஒபேரா தன் சொந்த இஞ்சினைக் கைவிட்டது. 2018 டிசம்பரில் மைக்ரோசொப்டே தோல்வியை ஏற்று, எட்ஜுக்குக் கூகிளின் நிரலை எடுப்பதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய கம்பனிக்கே கட்டுப்படியாகவில்லை. மொசில்லா 2012-இல் செர்வோ என்ற புதிய இஞ்சினைத் தொடங்கியது. 2020 ஓகஸ்டில் சுமார் 250 பேரை வேலையிலிருந்து நிறுத்தியபோது அந்தக் குழுவும் போனது. செர்வோவைப் பிறகு வேறு கைகள் எடுத்து இன்றும் வளர்க்கின்றன. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, தேடுபொறியை முன்னிருப்பாக வைப்பதற்குக் கூகிள் கொடுக்கும் பணம். போட்டியாளரின் காசில்தான் போட்டி நடக்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். எல்லோரும் ஒரே இஞ்சினைப் பாவித்தால் என்ன? அது திறந்த மூலம்தானே? தளம் செய்பவருக்கும் வேலை குறையுமே?

இதற்கு எனக்குக் கிடைத்த விடை வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த விசயம் சான்று பற்றியது. ஒரு சம்பவத்தைப் பத்துப் பத்திரிகைகள் எழுதியிருக்கலாம். பத்தும் ஒரே செய்தி நிறுவனத்திடமிருந்து எடுத்திருந்தால், உங்களிடம் பத்துச் சான்று இல்லை. ஒரு சான்றுதான். தனித்தனியே கண்டவர்கள் இருவர் சொன்னால்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம், பிழையைப் பிடிக்கலாம்.

வலையின் விதிகளும் அப்படித்தான். அவை எழுத்தில் இருக்கின்றன, யாரும் வாசிக்கலாம். ஆனால் அந்த விதியை இருவர் தனித்தனியே, ஒருவரை ஒருவர் பார்த்தெழுதாமல் செய்து பார்த்து, இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்தால்தான் விதி சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். இது என் கற்பனை இல்லை. உலாவிக்குள் தரவுத்தளம் வைப்பதற்கான வெப் எஸ்.கியூ.எல் என்ற விதியை வலைத்தரங்களுக்கான அமைப்பு 2010 நவம்பரில் கைவிட்டது. செய்தவர்கள் எல்லோரும் எஸ்.கியூ.லைட் என்ற ஒரே மென்பொருளைத்தான் உள்ளே வைத்திருந்தார்கள், தனித்தனியான ஆக்கங்கள் இல்லை என்பதே அவர்கள் எழுதி வைத்த காரணம். பல படகு, ஒரே இஞ்சின். அது தரம் ஆகாது என்றார்கள்.

இன்று முழு உலாவியே அந்த நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மூல நிரல் திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் எந்த வசதியைச் சேர்ப்பது, எதை நீக்குவது, எந்தப் பழைய கணினியைக் கைவிடுவது என்று தீர்மானிக்கும் மேசையில் இருப்பது பெரும்பாலும் ஒரு கம்பனி. எங்கள் கணினி அறையில் ஆறு பிள்ளைகள் வெளியே நின்றது அந்தத் தீர்மானம் ஒன்றினால்தான். அந்தப் படிவத்தைச் செய்தவரும் கெட்டவரல்ல. தன் கணினியில் குரோமில் பார்த்தார், வேலை செய்தது, அவ்வளவுதான். 2003-இல் எக்ஸ்புளோரரை மட்டும் பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் லேடிபேர்ட் வருகிறது.

அன்ட்ரியாஸ் கிளிங் என்பவர் சுவீடன்காரர். அப்பிளில் வெப்கிட் இஞ்சினில் வேலை செய்தவர். போதைப் பழக்கத்திலிருந்து மீளும் சிகிச்சையை முடித்து வந்தபோது நாட்களை எப்படி நிரப்புவது என்று தெரியாமல், 2018-இல் சிரெனிற்றி என்ற ஓர் இயங்குதளத்தை முழுக்க முழுக்கத் தானே எழுதத் தொடங்கியதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மன அமைதி என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். எங்கள் ஊரில் எத்தனை தாய்மார் பிள்ளைகளின் போதைப் பழக்கத்தால் அழுகிறார்கள் என்று ஆசிரியராக எனக்குத் தெரியும். அதனால் இந்த ஒரு தகவலை விட்டுவிட மனம் வரவில்லை.

அந்த இயங்குதளத்துக்குள் பக்கங்களைக் காட்ட ஒரு சிறு நிரல் எழுதினார். பலர் சேர்ந்தார்கள். அது வளர்ந்து வளர்ந்து, 2022 செப்டெம்பரில் லேடிபேர்ட் என்ற தனி உலாவியாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அதற்கென இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று உருவானது. கிற்ஹப் தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான கிறிஸ் வான்ஸ்ட்ராத்தின் குடும்பம் பத்து இலட்சம் டொலர் கொடுத்தது. தேடுபொறி ஒப்பந்தம் இல்லை, விளம்பரம் இல்லை, நன்கொடை மட்டும். கொடுப்பவர் தீர்மானம் எடுக்க முடியாது. சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், மற்றவர்கள் தொண்டர்கள்.

வேறு எந்த உலாவியின் நிரலையும் எடுக்காமல், விதிப் புத்தகத்தை வாசித்து வாசித்து எழுதுகிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம். ஹர்ப்பஸ் போன்ற பொது நூலகங்களைப் பாவிக்கிறார்கள். ஆனால் பக்கத்தை விளங்கிக்கொள்ளும் இஞ்சினும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் பகுதியும் அவர்களுடையவை. நான் மேலே சொன்ன இன்னொரு தனிச் சாட்சி. விதியில் எழுதியது ஒன்று, பெரிய உலாவிகள் செய்வது வேறொன்று என்றால், புதிதாகச் செய்பவருக்குத்தான் அது முதலில் கண்ணில் படும்.

வலை விதிகளைச் சரிபார்க்க இலட்சக்கணக்கான சிறு சோதனைகள் கொண்ட ஒரு பொதுத் தொகுப்பு இருக்கிறது. ஐரோப்பாவில் ஐபோனுக்குள் வேறு இஞ்சின் வர வேண்டுமானால் அதில் 90 வீதம் சித்தியடைய வேண்டும் என்பது அப்பிளின் நிபந்தனை. 2025-இல் லேடிபேர்ட் அந்த எல்லையைத் தாண்டியதாக அறிவித்தார்கள். லினக்ஸ், மெக் கணினிகளுக்கான முதற் சோதனைப் பதிப்புக்கு 2026-ஐ இலக்காக வைத்திருக்கிறார்கள். அன்றாடப் பாவனைக்கு வர இன்னும் காலம் வேண்டும். கடைசிப் பத்து வீதம்தான் கடினமானது. வேகம், பாதுகாப்பு, வங்கித் தளம், காணொளி எல்லாம் அதற்குள் வரும். எர்வைஸ் போல நின்றுபோகவும் கூடும். அப்படி நடந்தாலும், செய்ய முடியாது என்ற வாதம் செத்துவிட்டது.

சரி, எங்கள் பக்கம் என்ன நிலை?

இந்தியாவில் 2010-இல் பெங்களூரில் எபிக் என்ற உலாவி வந்தது. இந்திய மொழிகளில் எழுதும் வசதியோடு, மொசில்லாவின் நிரலின் மேல் கட்டியது. 2013-இல் குரோமியத்துக்கு மாறிவிட்டது. தமிழ்நாட்டின் சோஹோ கம்பனி 2023 மேயில் 'உலா' என்ற உலாவியை வெளியிட்டது. இலக்கியத்தில் அரசனும் இறைவனும் வீதி உலாப் போகும் சிற்றிலக்கியத்துக்குரிய பெயர், இப்போது ஓர் உலாவிக்கு. பின்தொடரும் விளம்பரங்களைத் தடுப்பது அதன் நோக்கம். அதே ஆண்டு ஓகஸ்டில் இந்திய அரசு உள்நாட்டு உலாவிக்கான போட்டி ஒன்றை அறிவித்தது. 2025 மார்ச்சில் முடிவு வந்தபோது முதற்பரிசு ஒரு கோடி இந்திய ரூபா சோஹோவுக்குக் கிடைத்தது.

உலாவின் இஞ்சினும் குரோமியம்தான். இதைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. மைக்ரோசொப்டால் தாங்க முடியாததைச் சோஹோ ஏன் செய்யவில்லை என்று கேட்பது நியாயமில்லை. உங்கள் தகவல்கள் எங்கே போகின்றன என்பதில் அது உண்மையான வித்தியாசத்தைத் தருகிறது. ஆனால் பெயர் தமிழாக இருப்பதால் இஞ்சினும் எங்களுடையது என்று நினைத்துவிடக் கூடாது. நாளைக்குக் குரோமியம் ஒரு வசதியை எடுத்தால், உலா அதைத் தன் செலவில் தாங்க வேண்டும், அல்லது கூடவே போக வேண்டும்.

இலங்கையில் உலாவி இஞ்சின் யாரும் செய்ததில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்து சில நாட்களுக்குள், கொழும்பில் மென்பொருள் துறையினர் தொண்டர்களாகக் கூடி, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவு செய்ய ஒரு மென்பொருளை அடியிலிருந்து எழுதினார்கள். பெயர் சஹானா. திறந்த மூலமாக வெளியிட்டார்கள். 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010 ஹெயிட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. 2006-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலனுக்கான விருதை அதற்குக் கொடுத்தது. நாங்கள் வாங்கிப் பாவிக்கிற இனம் மட்டுமே என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

அடுத்த கிழமை பொடியனைக் கண்டபோது இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் சொன்னது: "அப்ப ஏலும் சேர். ஆனா கனபேர் கனகாலம் விடாம நிக்கோணும்."

அவன் முப்பத்தைந்து ஆண்டு வரலாற்றை ஒரு வரியில் சொல்லிவிட்டான். அறிவு தட்டுப்பாடில்லை. விதிப்புத்தகம் திறந்திருக்கிறது, லேடிபேர்டின் நிரலும் திறந்திருக்கிறது. கிளிங் தான் நிரல் எழுதும் காணொளிகளை யூடியூப்பில் போட்டிருக்கிறார், யாரும் பார்த்துப் படிக்கலாம். தட்டுப்பாடு, ஒருவர் களைத்தால் இன்னொருவர் எடுப்பதற்கு ஆள் நிற்பதும், அவர்கள் சாப்பிடக் காசு வருவதும்தான். எர்வைஸ் நின்றதும் அங்கேதான், கே.எச்.ரி.எம்.எல் தப்பியதும் அங்கேதான்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் மென்பொருள் துறையில் இருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள், கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும். ஒரு படிவத்தைச் செய்து முடித்தால், வெளியிட முன்னர் பயர்பொக்ஸிலும் ஒருமுறை திறந்து அந்தக் கடைசிப் பொத்தானை அமத்திப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆறு பிள்ளைகள் கடைக்கு நடக்கத் தேவையிருக்காது.

சக ஆசிரியர்களுக்கு: வகுப்பில் "குரோமைத் திறவுங்கோ" என்று சொல்லாமல் "உலாவியைத் திறவுங்கோ" என்று சொல்லிப் பழகுவோம். நானும் இந்தக் கிழமையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன். இரண்டு தரம் வாய் தவறிவிட்டது. இன்ஷா அல்லாஹ், பழகிவிடும்.